பவுன்ராஜ் டப்பா

மேல வேணாம் சார். மேல வச்சா பஸ்ஸு குலுங்குற குலுக்கலுக்கு உள்ள இருக்கிற ஒயரெல்லாம் ஆடிரும். மடியிலயே இருக்கட்டும். நீங்க கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளிக்கிட்டீங்கன்னா போதும். அந்த நீளப் பையை வேணா உங்க கால்கிட்ட வச்சுக்கங்க. அதுல குச்சிதான் இருக்கு, ஒண்ணும் ஆகாது.

நீங்க எதுவரைக்கும், பெரியகுளமா? நான் தேவதானப்பட்டி. உங்களுக்கு முன்னாடியே இறங்கணும்.

டப்பாவுல என்ன இருக்குன்னுதான பாக்குறீங்க. எல்லாரும் அப்படித்தான் பாக்குறாங்க. போன தடவை கண்டக்டர், கோழிக்குஞ்சா, லக்கேஜ் போடணுமேன்னாரு. கம்ப்யூட்டர் சார். நிசமாத்தான். உள்ள ஒரு போர்டு இருக்கு, சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும், முழுக் கம்ப்யூட்டரும் அதுக்குள்ள அடக்கம். வெளிய இருக்கிற மரப்பெட்டி நான் அடிச்சது. ரெக்ஸின் ஒட்டுனதும் நான்தான். எங்க குரூப்புல இதுக்குப் பேரே பவுன்ராஜ் டப்பா. பவுன்ராஜ்ங்கிறது நான்.

நான் சவுண்டுக்காரன் சார். திண்டுக்கல்ல பொன்வீணை இன்னிசைக்குழுன்னு ஒண்ணு இருக்கு, கல்யாணம், காதுகுத்து, சர்ச்சுத் திருவிழான்னு போவோம். முப்பது வருஷமா அதுல ஒயர் சுத்துறேன், மிக்ஸர் பாக்குறேன். என் வீட்டுக்காரி அதே குரூப்புல ரிதம் பேடு வாசிக்கிறவ. ஆமா சார், பொம்பளதான். நீங்களும் அப்படித்தான் கேப்பீங்கன்னு தெரியும். ஜெயக்கொடின்னு பேரு. கோரஸ் பாடத்தான் வந்தா. ஒருநா நத்தத்துல கச்சேரி, பேடு வாசிக்கிறவர் வரல. ஆரோக்கியம் அண்ணன், அவருதான் குழுவுக்கு ஓனர், தலையில கையை வச்சு உக்காந்துட்டாரு. இவ போயி உக்காந்து குச்சியை எடுத்தா. அன்னைக்கிருந்து அந்த எடம் அவளுதுதான்.

பேடுன்னா ரப்பர் தட்டு சார், எட்டுத் தட்டு இருக்கும். குச்சியால ஒண்ணுல தட்டுனா தபலா, ஒண்ணுல டோலக், ஒண்ணுல பம்பை. தட்டுக்கு சொந்தமா சத்தம் கிடையாது, பின்னாடி இருக்கிற மெஷின்தான் சத்தத்தைக் குடுக்கும். பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இவ ரெண்டு குச்சியையும் ஒண்ணோட ஒண்ணு நாலு தட்டு தட்டுவா. அந்த நாலைப் புடிச்சுக்கிட்டுத்தான் கீபோர்டு, கிடாரு, பாடுறவங்க எல்லாரும் உள்ள வருவாங்க. கரெண்டு போனாலும் போகும், ஜெயக்கொடி தாளம் போகாதுன்னு ஆரோக்கியம் அண்ணன் சொல்லுவாரு. வீட்டுலயும் அப்படித்தான். குக்கர் விசிலடிக்கிறதுக்குள்ள மூடியில ஒரு தாளம், மாவு வாளியில ஒரு தாளம். எங்களுக்குப் புள்ளகுட்டி இல்ல சார். வீட்டுல சத்தம்னா அவ தட்டுற சத்தந்தான்.

போன வருஷம் ஆடிமாசம் அந்த மெஷின் புகைஞ்சு போச்சு. புதுசு வாங்கிரலாம்னு அண்ணன் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். நான் செஞ்சு தர்றேன்னேன். என்ன சார் இருந்துச்சு எனக்கு? மேடையில எல்லாருக்கும் கைதட்டுவாங்க. பாடுறவனுக்குத் தட்டுவாங்க, வாசிக்கிறவனுக்குத் தட்டுவாங்க. ஒயர் சுத்துறவனை எவன் பாக்குறான். மைக்கு கீச்சுன்னு கத்துனாத்தான் எல்லாரும் திரும்பி என்னையப் பாப்பாங்க. அதனால செஞ்சேன். இந்த போர்டை வாங்கி, வீடியோ பாத்துப் பாத்து, ஓசிக்குக் கிடைக்கிற ஒரு மியூசிக் சாப்ட்வேரை அதுல ஏத்தி, தபலா சத்தம் பம்பைச் சத்தம் எல்லாம் சேத்து, ஆடி முடியுறதுக்குள்ள தயார் பண்ணிட்டேன். இவ நாலு தட்டு தட்டிட்டு, "ஏங்க, அந்தப் பழசை விட இது நல்லா இருக்கேங்க"ன்னா. எனக்கு அன்னைக்கு சாப்பாடே இறங்கல சார், சந்தோசத்துல.

செம்பட்டி வந்துருச்சா? அஞ்சு நிமிசம் நிப்பான். டீ குடிக்கிறீங்களா? வேணாமா, சரி.

ஆவணியில மொத கச்சேரி. ஒரு காதுகுத்து. ரெண்டு பாட்டு நல்லா போச்சு. மூணாவது பாட்டுல ஒரு எடத்துல சத்தம் விட்டுப்போச்சு. அவ கை போகுது, தட்டு மேல குச்சி விழுகுது, சத்தம் இல்ல. கண்ணு மூடித் திறக்குற நேரம்தான். அப்புறம் வந்துருச்சு. இன்னொரு பாட்டுல மறுபடியும். ஒரு கச்சேரியில பத்துத் தடவை, பன்னெண்டு தடவை. எனக்கு மிக்ஸர்கிட்ட நிக்க முடியல, வேர்த்து ஊத்துது. இவ என்ன பண்ணுனா தெரியுமா? சத்தம் விடுற எடத்துல குச்சியால தட்டோட விளிம்புல ஒரு தட்டு தட்டி, சிரிச்சுக்கிட்டே சமாளிச்சுட்டா. கேட்டவங்களுக்கு அதுவும் ஒரு அழகாத்தான் தெரிஞ்சிருக்கும். வீட்டுக்கு வந்து சொன்னா, "ஒண்ணு ரெண்டு விட்டா விட்டுட்டுப் போகட்டும்ங்க. நான் பாத்துக்கிறேன்"ன்னா.

அவளுக்குப் பொறுத்துச்சு சார். எனக்குத்தான் பொறுக்கல. பவுன்ராஜ் டப்பா சத்தம் விடுதாமேன்னு கீபோர்டுக்காரன் சிரிச்சான்.

புரட்டாசி பூராவும் இதே வேலைதான். சூடாகுதோன்னு சின்னதா ஒரு ஃபேன் வச்சேன். சத்தம் விட்டுச்சு. வைஃபையை அணைச்சா நல்லாருக்கும்னு ஒருத்தன் எழுதியிருந்தான், அணைச்சேன். கொஞ்சம் குறைஞ்சுச்சு, நிக்கல. மெமரி கார்டை மாத்துனேன். விட்டுச்சு. அந்த சாப்ட்வேருல ஒரு கணக்கு உண்டு சார், எத்தனை தடவை சத்தம் விட்டுச்சுங்கிறதைத் திரையில நம்பரா காட்டும். அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். பதினாலு. பதினாறு. ஒன்பது. அப்புறம் திரை மூலையில மின்னல் மாதிரி ஒரு சின்னப் படம் வேற அப்பப்ப வந்து வந்து போகும். அது நம்பரை மறைச்சுக்கிட்டே இருந்துச்சு. அதை வராம பண்றதுக்கு ஒரு வரி எழுதிப் போட்டா போதும்னு கண்டுபுடிச்சு, போட்டுட்டேன். அதுக்கப்புறம் மின்னல் வரல. அதை நான் மறந்தே போயிட்டேன்.

அப்பத்தான் இந்த பஃபர்ங்கிற விசயம் தெரிய வந்துச்சு. ரொம்ப சுலுவு சார். குழாயில தண்ணி விட்டு விட்டு வருதுன்னு வச்சுக்கங்க. நேரா குழாய்ல புடிச்சா, நிக்கிற நேரம் நமக்குத் தண்ணி இல்ல. அதுவே ஒரு தொட்டியைக் கட்டி, அதுல ரொப்பி, தொட்டியில இருந்து எடுத்தா? குழாய் நின்னா என்ன, நமக்கு நிக்காம வரும். சத்தமும் அப்படித்தான். தொட்டி எம்புட்டுப் பெருசுங்கிறதை சாப்ட்வேருல ஒரு நம்பரா வைக்கணும், நான் சின்னத் தொட்டி வச்சிருந்தேன், நூத்து இருபத்தெட்டு. ஐப்பசியில எரநூத்தி அம்பத்தாறுக்கு மாத்துனேன். சத்தம் விடுறது பாதியாக் குறைஞ்சுச்சு. கார்த்திகையில ஐநூத்திப் பன்னெண்டு. ஒண்ணு ரெண்டுதான். தையில ஆயிரத்து இருபத்துநாலு வச்சேன். பூஜ்யம் சார். நாலு மணி நேரக் கச்சேரி, கடைசியில போயி திரையைப் பாக்குறேன், பூஜ்யம். கீபோர்டுக்காரனைக் கூப்பிட்டுக் காட்டுனேன். ஆரோக்கியம் அண்ணன் எனக்குத் துண்டு போர்த்துனாரு. எங்க வீட்டுல பீரோவுல இருக்கு அந்தத் துண்டு.

தொட்டி பெருசா இருந்தா ரொம்புறதுக்கு நேரமாகும்ல? அதைத்தான கேக்க வர்றீங்க. பரவாயில்லையே, நீங்க பட்டுன்னு புடிச்சுட்டீங்க. ஆகும் சார். அது எனக்குத் தெரியும், எழுதித்தான் இருந்துச்சு. ஆனா எம்புட்டு? ஒரு செகண்டை ஆயிரமா வெட்டுனா அதுல ஒரு எழுபது. கண்ணு சிமிட்டுற நேரங்கூட இல்ல. அதுல என்ன வந்துரப் போகுதுன்னு நெனச்சேன். நான் நிக்கிறது ஹாலு கடைசியில, மிக்ஸர்கிட்ட. அங்கேயிருந்து பாத்தா எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும்.

கார்த்திகையிலயே இவ ஒருநா சொன்னா. வீட்டுல வாசிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தவ நிப்பாட்டிட்டு, "ஏங்க, குச்சியில குச்சியைத் தட்டுனா சரியா இருக்கு. தட்டுல தட்டுனா, என் பின்னாடி யாரோ உக்காந்து எனக்கு அப்புறம் தட்டுற மாதிரி இருக்குங்க"ன்னா. நான் திரையைத் திருப்பிக் காட்டுனேன். ரெண்டுதான் விட்டிருக்கு, பாரு, போன மாசம் ஏழுன்னேன். "அது இல்லைங்க"ன்னா. பழகிரும்னேன்.

பழகிக்கிட்டா. அதைச் சொல்லணும். கெட்டிக்காரி. மாசி மாசம் மாவு ஆட்டிக்கிட்டே சொன்னா, "சத்தம் சரியான எடத்துல விழுகணும்னா நான் முந்தியே அடிக்க வேண்டியிருக்குங்க. பாட்டுக்கு ஒரு கணக்கு, கைக்கு ஒரு கணக்குன்னு ரெண்டு கணக்கு வச்சுக்கிட்டு வாசிக்கிறேன்"ன்னா. நான் அதைப் பெருமையால்ல எடுத்துக்கிட்டேன். பாத்தியா, பழகிரும்னு சொன்னேன்லன்னேன். அவ மாவை வழிச்சு வாளியில ஊத்துனா. வாளியில தாளம் போடல அன்னைக்கு. அது இப்பத்தான் நெனப்பு வருது.

மெதுவான பாட்டெல்லாம் தப்பிச்சுரும் சார். வேகமான பாட்டுலதான் ஆட்டங் கண்டுச்சு. ஒரு நேரம் முந்திருவா, ஒரு நேரம் பிந்திருவா. பாடுறவங்க திரும்பித் திரும்பிப் பாப்பாங்க. இருபது வருசத்துல அவளை அப்படி யாரும் திரும்பிப் பாத்ததில்ல. கச்சேரி முடிஞ்சு வந்தா நேராப் போயி படுத்துருவா. ஒருநா, "ஒரே ஒரு தடவை நீங்க உக்காந்து தட்டிப் பாருங்களேன்"ன்னு குச்சியை என் கையில குடுத்தா. எனக்கு எதுக்குடி, நான் என்ன வாசிக்கிறவனான்னு திருப்பிக் குடுத்துட்டேன். எனக்குத் தாளம் வராதுல்ல சார்? அதான். நம்பர் இருக்கும்போது நான் எதுக்குத் தட்டணும்.

ஜன்னல் வழியா பாருங்க சார். வத்தலகுண்டு வந்துருச்சு. அந்தா, வெள்ளை பெயிண்டு அடிச்ச மண்டபம், வாசல்ல அசோக மரம் நிக்குதுல்ல. அங்கதான்.

வைகாசி முகூர்த்தம். சாயங்காலம் வரவேற்பு, மண்டபம் நெறஞ்ச கூட்டம். மாப்பிள்ளை வீட்டுப் பையங்க ஆடணும்னு மேடைக்கு முன்னாடி வந்து நிக்கிறாங்க. அண்ணன் குத்துப்பாட்டு ஒண்ணைச் சொன்னாரு. இவ குச்சியில நாலு தட்டுனா, சரியாத்தான் இருந்துச்சு. பேடுல இறங்குனா. எட்டு வரி தாங்கல சார். கீபோர்டு ஒரு பக்கம் போகுது, இவ ஒரு பக்கம் போறா, பாடுற பையன் நின்னுட்டான். ஆடிக்கிட்டு இருந்தவங்களும் நின்னுட்டாங்க. கூட்டத்துல எவனோ விசிலடிச்சான், நல்ல விசில் இல்ல. பாட்டையே நிப்பாட்ட வேண்டியதாப் போச்சு. பொன்வீணையில பாட்டு பாதியில நின்னது அதான் மொத தடவை.

சாப்பாட்டு நேரம்னு சொல்லி மேடையை விட்டு இறங்குனோம். பின்னாடி சாமான் ரூம்ல எல்லாரும் நிக்கிறோம். ஆரோக்கியம் அண்ணன் கோவத்துல பேசுறவர் இல்ல. மெதுவாத்தான் கேட்டாரு, "பவுனு, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. டப்பாவா, கையா?"ன்னு.

நான் டப்பாவைத் திருப்பிக் காட்டுனேன் சார். திரையில பூஜ்யம். பாருங்கண்ணே, ஒரு தடவை கூட விடல, மெஷின் பொய் சொல்லாதுல்லன்னேன். அம்புட்டுத்தான் சொன்னேன். கைன்னு நான் வாயால சொல்லவே இல்ல. அவளைத் தப்பா ஒரு வார்த்தை சொல்லல. இருக்கிறதைத்தான காட்டுனேன்?

அவ என்னையப் பாத்தா. ரொம்ப நேரமெல்லாம் பாக்கல. அப்புறம் ஒரு குச்சியைப் பையில வச்சா. இன்னொரு குச்சியை வச்சா. ஜிப்பை இழுத்து மூடுனா. மிச்சக் கச்சேரியைப் பேடு இல்லாமலேயே ஓட்டுனோம்.

நான் அவளை விட்டுப்போடல சார். அடுத்த வாரமே திண்டுக்கல்ல நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். எந்தப் புருசன் கூட்டிட்டுப் போவான்? என்னம்மா பண்ணுதுன்னு டாக்டர் கேட்டாரு. "கை நல்லாத்தான் இருக்கு டாக்டர். சத்தந்தான் பிந்தி வருது"ன்னா. டாக்டருக்கு என்ன தெரியும் இதைப்பத்தி, குழம்பிட்டாரு. நான்தான் எடுத்துச் சொன்னேன், அப்படி இல்ல டாக்டர், இவளுக்கு வேகம் குறைஞ்சுபோச்சு, நரம்பா இருக்கும்னு. விரலை மடக்கச் சொன்னாரு, நீட்டச் சொன்னாரு, சுத்தியல்ல தட்டிப் பாத்தாரு. ஒண்ணுமில்லையேன்னாரு. இருந்தாலும் எழுதிக் குடுங்கன்னு கேட்டு சத்து மாத்திரை வாங்கிட்டு வந்தேன். தினம் ரெண்டு வேளை நானே எடுத்துக் குடுத்தேன். முழுங்குவா. 

அதுக்கப்புறம் வீடு அமைதியாயிருச்சு. குக்கர் பக்கத்துல நிப்பா, மூடியைத் தொட மாட்டா. பாத்திரத்தைக் கூட சத்தமில்லாம வைப்பா. நானும் அதைப் பெருசா எடுத்துக்கல. மனசறிஞ்சு சொல்றேன் சார், எனக்கு அது வசதியா இருந்துச்சு. டப்பாவை டெஸ்ட் பண்றதுக்கு வீடு அமைதியா இருந்தா நல்லதுதான.

ஆனிமாசம் ஊர்ல திருவிழான்னு தேவதானப்பட்டிக்கு, அவ அண்ணன் வீட்டுக்குப் போனா. திருவிழா முடிஞ்சுச்சு. வரல. போன் பண்ணுனா அவ அண்ணன்தான் எடுப்பாரு. "அது இங்கனயே இருக்கட்டும் மாப்ள, கொஞ்ச நாளைக்கு"ன்னாரு.

இவ எடத்துக்கு ஆரோக்கியம் அண்ணன் உசிலம்பட்டியில இருந்து காசிமாயன்னு ஒருத்தரைக் கூட்டியாந்தாரு. எங்க வயசுக்காரர்தான், நல்ல வாசிப்பு. டப்பாவைப் பெருமையா முன்னாடி வச்சேன். உக்காந்தாரு. நாலு தட்டு தட்டுனாரு. நாலே நாலு சார். குச்சியைக் கீழ வச்சுட்டு, "என்ன பவுனு, இது பிந்தி வருது?"ன்னாரு.

சண்டைக்குப் போயிட்டேன். பூஜ்யம்ணே, பாருங்கண்ணேன்னு திரையைக் காட்டுனேன். அவர் திரையைப் பாக்கவே இல்ல. "நம்பரை நீ வச்சுக்க. எனக்கு வேற மெஷின் குடு"ன்னுட்டாரு. ஒரே வார்த்தை. முடிஞ்சுபோச்சு.

வீட்டுக்கு வந்து போனை எடுத்து, தட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல வச்சுப் பதிவு பண்ணுனேன். நானே குச்சியால ஒரு தட்டு. குச்சி ரப்பர்ல விழுகிற சத்தம் ஒண்ணு, ஸ்பீக்கர்ல வர்ற சத்தம் ஒண்ணு. திரையில அதை விரிச்சுப் பாத்தா கோடு கோடாத் தெரியும் சார். சின்னதா ஒரு மேடு. அப்புறம் ஒண்ணுமில்ல, சும்மா கோடு. அப்புறம் பெரிய மேடு. நடுவுல எழுபது. நான் ஒண்ணுமில்லைன்னு நெனச்ச எழுபது. ஐப்பசியில இருந்து வைகாசி வரைக்கும் எட்டு மாசம், நான் பெருசாக்கிக்கிட்டே போன அந்த எடைவெளியிலதான் சார் எம்பொண்டாட்டி தனியா உக்காந்திருந்தா.

இன்னொண்ணும் சொல்றேன், கேட்டா சிரிப்பீங்க. வெறுத்துப்போயி கார்டை அழிச்சுட்டு எல்லாத்தையும் மொதல்ல இருந்து ஏத்துனேன். மூலையில அந்த மின்னல் படம் மறுபடி வந்துச்சு. அன்னைக்கு நான் எழுதுன வரி இப்ப இல்லைல்ல. அப்பத்தான் அது என்னன்னு தேடிப் பாத்தேன். கரெண்டு பத்தலைன்னு அர்த்தமாம். போர்டுக்குப் போற கரெண்டு பத்தல, அதனால அது சுணங்குது, அதனால சத்தம் விடுது. நான் மாட்டியிருந்தது பழைய போன் சார்ஜர். மேடையில எட்டணும்னு நூல் மாதிரி ஒரு நீள ஒயர். குட்டையா, கெட்டியா ஒரு ஒயரும் நல்ல அடாப்டரும் போட்டேன். தொட்டியைப் பழைய நூத்து இருபத்தெட்டுக்கே எறக்குனேன். மூணு மணி நேரம் ஓட விட்டேன். பூஜ்யம். பிந்தலும் இல்ல.

முப்பது வருசமா ஒயர் சுத்துறவன் சார் நான். ஒயர்ல இருந்துச்சு.

மூணு வாரத்துக்கு முன்னாடி இதே பஸ்ல, இதே டப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போனேன். அவ தையல் மெஷின்ல உக்காந்திருந்தா. கொடி, சரியாயிருச்சுடி, ஒயர்தான், நீயே பாருன்னு கூடத்துல வச்சு எல்லாத்தையும் மாட்டுனேன். அவ வந்து உக்காரல. அவ அண்ணன் சொல்லி, அண்ணன் பொண்டாட்டி சொல்லி, அப்புறம் வந்தா. குச்சியில நாலு தட்டுனா. சார், அந்த நாலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துருச்சு, அம்புட்டு சுத்தம். அப்புறம் பேடுல இறங்குனா.

முந்திருச்சு.

ஒவ்வொரு அடியும் முந்தியே விழுகுது. டப்பா இப்ப சரியா இருக்குல்ல, அவ கைதான் எட்டு மாசமா முந்தி அடிச்சு அடிச்சுப் பழகிக் கெடக்கு. நிப்பாட்டிட்டு மறுபடி நாலு தட்டுனா. மறுபடியும் முந்துது. மூணாவது தடவை மெதுவா, சின்னப்புள்ளைக எழுத்துக் கூட்டுற மாதிரி ஒண்ணொண்ணா வச்சுப் பாத்தா. வரல. அப்புறம் குச்சியைத் தரையில வச்சா. அழுகல சார் அவ. என்னையப் பாத்து, "அன்னைக்கு நீங்க காட்டுனது இன்னைக்கு நெசமாயிருச்சுங்க. கைதான் போயிருச்சு"ன்னா. எந்திரிச்சுப் போயி தையல் மெஷினை மிதிக்க ஆரம்பிச்சுட்டா.

அதான் இன்னைக்கு மறுபடி போறேன். பேடும் ஸ்பீக்கரும் அவ அண்ணன் வீட்டுக் கூடத்துலயே கெடக்கு, டப்பாவையும் குச்சியையுந்தான் திருப்பி எடுத்துட்டு வந்தேன். நான் சும்மா இருக்கிறவன் இல்ல சார், யோசிச்சேன். அவ கை எழுபது முந்துதா? சரி, டப்பாவை எழுபது பிந்த வச்சுட்டாப் போச்சு. தொட்டியைத் திரும்ப ஆயிரத்து இருபத்துநாலுக்கே மாத்திட்டேன். இப்ப அவ எப்படி அடிச்சாலும் சத்தம் சரியான எடத்துல விழுகும். அவ கைக்குத் தகுந்த மாதிரி டப்பா. எப்படி?

என்ன சார், ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க.

நான் பண்ணுனது தப்புத்தான், இல்லைங்கல. ஆனா எனக்கு உள்ள அறுக்குறது வேற சார். இருபது வருசம் ஒண்ணாக் குடும்பம் நடத்தியிருக்கோம். காசிமாயன் யாரு, மூணாம் மனுசன். அவர் நாலு தட்டுல சொல்லிட்டாரு, பிந்தி வருதுன்னு. இவ எட்டு மாசம் வாசிச்சவ. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா நான் அன்னைக்கே பாத்திருப்பேன்ல? வாயைத் திறந்து சொல்லாம மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு, அண்ணன் வீட்டுல போயி உக்காந்துக்கிட்டா நான் என்ன சார் பண்ணுவேன்? சொல்லியிருக்கலாம்ல?

என்ன?

சொன்னாங்கிறீங்களா? எங்க சொன்னா?

இல்ல சார், அது வேற. அது பின்னாடி யாரோ உக்காந்து தட்டுற மாதிரின்னு ஒரு பேச்சுக்குச் சொன்னது. அது எப்படி... ஆமா, குச்சியில தட்டுனா சரியா இருக்குன்னா. தட்டுல தட்டுனாத்தான்னா. ஆமா. அதைச் சொன்னா.

மாசியில, முந்தி அடிக்கிறேன்னா.

டாக்டர்கிட்டயும் சொன்னா. சத்தந்தான் பிந்தி வருதுன்னு. காசிமாயன் சொன்ன அதே வார்த்தை சார். அதே வார்த்தை. நான்தான் டாக்டர்கிட்ட, அப்படி இல்ல டாக்டர்னு...

இருங்க சார். கொஞ்சம் இருங்க.

நான் உங்ககிட்ட வரிசையா சொல்லிக்கிட்டு வந்திருக்கேன். என் வாயாலயே சொல்லியிருக்கேன். அவ சொன்னதெல்லாம் ஒண்ணு விடாம எனக்கு நெனப்புல இருக்கு, அப்புறமும் சொல்லலைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறேன். ஆரோக்கியம் அண்ணன்கிட்ட சொன்னேன். அவ அண்ணன்கிட்டயே சொன்னேன், உங்க தங்கச்சி ஒரு வார்த்தை சொல்லல மச்சான்னு. அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. கதவுக்கு அந்தப் பக்கம் இவ நின்னுக்கிட்டு இருந்தா. கேட்டிருப்பா.

இல்ல, தண்ணி வேணாம் சார். நல்லாத்தான் இருக்கேன்.

இதைக் கொண்டுபோயி என்னத்தைச் சொல்றது? பாரு கொடி, உன் கை கெட்டது கெட்டதாவே இருக்கட்டும், அதுக்குத் தகுந்த மாதிரி டப்பாவைச் செஞ்சுட்டேன்னா? நல்லாத்தான் இருக்கும். கார்த்திகையில அவ சொன்னது இந்தப் பிந்தலைத்தான், தையில நான் துண்டு வாங்குனதும் இதுக்குத்தான். அவளுக்கு டப்பா வேணும்னு அவ என்னைக்குமே கேக்கல சார். ஒண்ணே ஒண்ணு கேட்டா. ஒரே ஒரு தடவை நீங்க உக்காந்து தட்டிப் பாருங்களேன்னா. குச்சியைக் கையில குடுத்தா. திருப்பிக் குடுத்துட்டேன்.

கண்டக்டர் குரல் குடுக்குறாரா? தேவதானப்பட்டியா? ஆமா, ஆள் இறங்கணும், இறங்கணும், நிப்பாட்டச் சொல்லுங்க.

நம்பர் பழைய நம்பர்லதான் சார் இருக்கு, ஆயிரத்து இருபத்துநாலு. இருக்கட்டும், மாத்தல. அவ தையல் மெஷினை விட்டு எந்திரிக்க வேணாம், பேச வேணாம், என் பக்கம் திரும்பக் கூட வேணாம். அவ எதிர்த்தாப்ல நான் உக்காந்து தட்டுறேன். எனக்குத் தாளம் வராது. அசிங்கமாத்தான் இருக்கும். அவ அண்ணன் புள்ளைக சிரிக்கும். பிந்திப் பிந்தி விழுகும்ல, அதை அவ முன்னாடி என் கையால நான் கேக்கணும்.

அந்தப் பையை எடுத்துக் குடுங்க சார், உங்க கால்கிட்ட இருக்கிறது. குச்சி அதுலதான் இருக்கு.